18 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்களுக்கு சோஷியல் மீடியாவுல என்ன சட்டப் பாதுகாப்பு இருக்கு? ஆரம்பத்துல இருந்து பாப்போம்

இன்ஸ்டாகிராமோ ஸ்னாப்சாட்டோ புதுசா அக்கவுண்ட் ஓப்பன் பண்ணப் போனா பிறந்த தேதி கேக்கும், 13 வயசு ஆகலைன்னா உள்ள விடாது. பிள்ளைங்களுக்கு இது நல்லாவே தெரியும், அதனால அஞ்சாங்கிளாஸ் படிக்குற பையன்கூட யோசிக்காம 2001ன்னு போட்டுட்டு உள்ள போயிடுறான். இந்த 13 எங்க இருந்து வந்துச்சு? டாக்டருங்க எல்லாம் உக்காந்து ஆராய்ச்சி பண்ணி, 13 வயசுல பிள்ளைக்குப் பக்குவம் வந்துடும்னு முடிவு பண்ணியிருப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்குறாங்க. அப்படி எதுவும் நடக்கல.

1998ல அமெரிக்காவுல ஒரு சட்டம் போட்டாங்க, சுருக்கமா காப்பான்னு சொல்லுவாங்க. 2000 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. அப்போ ஃபேஸ்புக்கே கிடையாது. 13 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகிட்ட இருந்து ஒரு வெப்சைட் பேரு, அட்ரஸ் மாதிரி விவரம் வாங்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும், அதுவும் பெரியவங்கதான் குடுத்தாங்கன்னு சரிபார்த்த சம்மதமா இருக்கணும், இதுதான் அந்த சட்டத்தோட சாரம். மசோதாவைக் கொண்டு வந்தவங்கள்ல ஒருத்தரான அமெரிக்க எம்.பி. எட் மார்க்கி முதல்ல கேட்டது 16 வயசு, பேரம் பேசிப் பேசி கடைசில 13ல வந்து நின்னுச்சு. கம்பெனிங்க என்ன பண்ணாங்கன்னா, ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா அம்மாவைத் தேடிப் பிடிச்சு சம்மதம் வாங்குறது செலவு, தலைவலி, அதுக்கு பதிலா 13க்குக் கீழ யாரும் வராதீங்கன்னு ஒரு வரி எழுதிட்டா பொறுப்பு முடிஞ்சுதுன்னு விட்டுட்டாங்க. ஆக, 13 வயசு ஆனா பாதுகாப்புன்னு யாரும் எங்கயும் சொல்லல. அது ஒரு நாட்டோட டேட்டா சட்டத்துல விழுந்த கோடு, அதை அப்படியே உலகம் பூரா இழுத்துட்டு வந்துட்டாங்க.

அந்த சட்டத்துல பெரிய ஆளுங்களும் மாட்டியிருக்காங்க. 2019ல யூடியூப் விஷயத்துல கூகுள் 17 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. என்ன குற்றச்சாட்டுன்னா, பொம்மை விக்குற கம்பெனிங்ககிட்ட போயி சின்னப் பிள்ளைங்களைப் பிடிக்கணும்னா எங்களை விட்டா வேற இடம் இல்லன்னு விளம்பரம் கேக்குறது, அதே சமயம் இன்னொரு பக்கம் எங்ககிட்ட 13க்குக் கீழ யாருமே இல்ல, அதனால அந்த சட்டம் எங்களுக்குப் பொருந்தாதுன்னு சொல்றது. இதைப் படிச்சப்போ எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு. பிள்ளைங்க அங்க இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் வியாபாரம் பண்ணியிருக்காங்க.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். இங்க ரெண்டு விதமான சட்டம் இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு பிள்ளையோட டேட்டாவை கம்பெனி என்ன செய்யலாம் செய்யக் கூடாதுன்னு சொல்றது, அது ப்ரைவசி பக்கம். இன்னொண்ணு பிள்ளைக்கு ஒரு ஆள் கெடுதல் செஞ்சா அவனை எப்படித் தண்டிக்குறதுன்னு சொல்றது, அது போலீஸ், கோர்ட் பக்கம். ரெண்டாவது பக்கம் ரொம்ப வருஷமாவே இருக்கு. முதல் பக்கம்தான் நமக்குப் புதுசு.

ப்ரைவசி பக்கத்துக்கு அடித்தளம் 2017 ஆகஸ்ட் 24ல சுப்ரீம் கோர்ட்டோட ஒம்பது நீதிபதிங்க குடுத்த புட்டசாமி தீர்ப்பு. அந்தரங்கம் ஒரு அடிப்படை உரிமைன்னு சொன்னது அதுதான். அதுல நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தனியா எழுதுன பகுதியில பிள்ளைங்களைப் பத்தியும் சொல்லியிருப்பாரு. இப்போ உள்ள பிள்ளைங்க சின்ன வயசுல இருந்தே ஆன்லைன்ல அழியாத தடம் விட்டுட்டே வளருறாங்க, விவரம் தெரியாத வயசுல செஞ்ச தப்போட விளைவை ஆயுசு பூரா அவங்க சுமக்கக் கூடாதுங்குற அர்த்தத்துல. பெத்தவங்க எல்லாரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டிய பகுதி அது.

அந்தத் தீர்ப்புக்கு ஆறு வருஷம் கழிச்சு, 2023 ஆகஸ்ட்ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. இதுல குழந்தைன்னா 18 வயசு முடியாத எல்லாரும். அமெரிக்கா மாதிரி 13 இல்ல. ப்ளஸ் டூ படிக்குற பையனும் இதுல குழந்தைதான். ஒம்பதாவது பிரிவுதான் முழுக்க பிள்ளைங்களுக்கானது, அதுல மூணு விஷயம் முக்கியம். பிள்ளையோட டேட்டாவைத் தொடுறதுக்கு முன்னாடி பெத்தவங்ககிட்டயோ கார்டியன்கிட்டயோ சரிபார்க்கக்கூடிய சம்மதம் வாங்கணும். பிள்ளையோட நலனைக் கெடுக்குற மாதிரி அந்த டேட்டாவைப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளை என்ன பாக்குது என்ன செய்யுதுன்னு பின்தொடர்ந்து கண்காணிக்கவோ, அதை வச்சு பிள்ளையைக் குறி வச்சு விளம்பரம் காட்டவோ கூடாது.

இதுல முதல் விஷயத்தைப் பத்திதான் எல்லாரும் பேசுறாங்க, சம்மதம் சம்மதம்னு. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. விதியில எப்படி எழுதியிருக்குன்னா, பெத்தவர்னு சொல்லிட்டு வர்ற ஆள் 18 தாண்டுன, அடையாளம் தெரியக்கூடிய ஆள்தானான்னு கம்பெனி பாக்கணும், ஏற்கெனவே அவரைப் பத்தி நம்பகமான விவரம் கையில இருந்தா அதை வச்சோ, இல்லன்னா அரசாங்கத்தோட டிஜிலாக்கர் மாதிரி இடத்துல இருந்து அவரோட வயசையும் அடையாளத்தையும் உறுதிப்படுத்தி வர்ற டோக்கனை வச்சோ. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வீடுகள்ல என்ன நடக்குது, போன் அப்பாவோடது, சிம் அப்பா பேர்ல, அந்தப் போன் சாயங்காலம் ஆறு மணில இருந்து ராத்திரி வரைக்கும் பையன் கையில, ஓடிபி வந்தா முதல்ல பாக்குறதே அவன்தான். நிறைய வீட்டுல அப்பா அம்மாவுக்கு ஆப் டவுன்லோட் பண்ணி செட்டிங்ஸ் மாத்திக் குடுக்குறதே பிள்ளைங்கதான். அப்புறம் பிள்ளை நான் பிள்ளைதான்னு ஒத்துக்கிட்டாதானே இந்த சம்மதக் கதையே ஆரம்பிக்கும், 2001ன்னு போட்டுட்டா அதோட முடிஞ்சுது.

என்னைக் கேட்டா இந்த சட்டத்தோட உயிர் மூணாவது விஷயத்துலதான் இருக்கு. ஏன்னா அது சம்மதம் இல்ல, தடை. அம்மாவே ஓகேன்னு டிக் பண்ணாலும் பிள்ளையைக் கண்காணிச்சு விளம்பரம் காட்டக் கூடாது. அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா இந்த ஆப்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பக்கத்துல போயி பாக்கணும். 14 வயசுப் பொண்ணு ஒருத்தி ரீல்ஸ் தள்ளிட்டே போறா, ஒல்லியாகுறது எப்படின்னு ஒரு வீடியோ வருது, லைக் எதுவும் போடல, கமெண்ட்டும் போடல, ஆனா ரெண்டு தடவை முழுசாப் பாத்தா. அவ்வளவுதான், அது பதிவாயிடும். அடுத்து அதே மாதிரி நாலு வரும், அதுல எதுல நின்னா எதைத் தள்ளுனாங்குறதும் பதிவாகும், கொஞ்ச நாள்ல அவ ஃபீட் பூரா டயட்டும் உடம்பு ஒப்பீடும்தான், நடுநடுவுல அதுக்கான பொடி, டீ விளம்பரம் வேற. அவ யார்கிட்டயும் சொல்லாத ஒரு கவலை, வீட்டுல அம்மாவுக்கே தெரியாத கவலை, கம்பெனிக்குத் தெரிஞ்சு போச்சு. இந்தச் சங்கிலியோட கண்ணியை வெட்டுறதுதான் அந்தத் தடை.

சில விதிவிலக்கு இருக்கு, அதுவும் நியாயமானதுதான். ஸ்கூல் வேன் எங்க வருதுன்னு லொக்கேஷன் பாக்குறது, ஸ்கூல் படிப்புக்காகவும் பாதுகாப்புக்காகவும் கவனிக்குறது, ஆஸ்பத்திரியில சிகிச்சைக்காக விவரம் வச்சுக்குறது இதெல்லாம் இந்தக் கட்டுப்பாட்டுல மாட்டாது.

பிள்ளைங்க சம்பந்தப்பட்ட இந்தக் கடமைகளை மீறுனா கம்பெனிக்கு 200 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். பெரிய தொகைதான், ஆனா அந்தக் காசு அரசாங்கத்தோட கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு ரூபாய்கூட வராது. ஐடி சட்டத்துல, அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல, 43ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, டேட்டாவை அஜாக்கிரதையா விட்டா பாதிக்கப்பட்டவங்க நஷ்ட ஈடு கேக்கலாம்னு, அதையும் எடுத்துடணும்னு இந்தப் புது சட்டமே சொல்லுது. இதை ஏன் செஞ்சாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. இன்னொரு விஷயம், சட்டம் 2023ல வந்தாலும் அதை நடைமுறைப்படுத்துற விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, அதுலயும் பிள்ளைங்க சம்பந்தப்பட்ட கடமைகளுக்கு கம்பெனிங்களுக்கு 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க, கணக்குப் போட்டா 2027 மே. அஞ்சாங்கிளாஸ்ல 2001ன்னு போட்ட பையன் அதுக்குள்ள ஹைஸ்கூல் போயிடுவான்.

18ங்குற வயசைப் பத்தியும் சொல்லணும். ஏழு வயசுப் பிள்ளையும் பதினேழு வயசுப் பிள்ளையும் ஒண்ணா? பதினேழு வயசுப் பொண்ணுக்கு வீட்டுக்குள்ளயே ஒரு பிரச்சனை, யார்கிட்டயாவது ஆன்லைன்ல உதவி கேக்கணும்னு நினைக்குறா, அதுக்கு எந்த வீட்டுல பிரச்சனையோ அதே வீட்டுப் பெரியவர்கிட்ட சம்மதம் வாங்கிட்டு வான்னு சொன்னா அவ எங்க போவா? சரியான பாதுகாப்போட நடத்துற கம்பெனிகளுக்கு மட்டும் இந்த வயசை அரசாங்கம் குறைச்சுக் குடுக்கலாம்னு சட்டத்துலயே ஒரு வழி வச்சிருக்காங்க, ஆனா அந்தப் பொண்ணு மாதிரி ஆட்களை மனசுல வச்சு எழுதுன வழியா எனக்கு அது தெரியல.

சம்மதத்தை விட, ஆப்பை எப்படி வடிவமைக்குறாங்கங்குறதுதான் முக்கியம்னு ஐரோப்பாவுல ஒரு கேஸ்ல நல்லாவே தெரிஞ்சுது. 2022ல அயர்லாந்தோட டேட்டா பாதுகாப்பு கமிஷன் இன்ஸ்டாகிராமுக்கு 40 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் போட்டுச்சு. 13ல இருந்து 17 வயசுப் பிள்ளைங்க நிறைய பேர் தன்னோட அக்கவுண்டை பிசினஸ் அக்கவுண்ட்டா மாத்திக்கிட்டாங்க, கடை வச்சு வியாபாரம் பண்ண இல்ல, அப்படி மாத்துனா எத்தனை பேர் போஸ்ட்டைப் பாத்தாங்கன்னு கணக்கு தெரியும்ங்குறதுக்காக. ஆனா பிசினஸ் அக்கவுண்ட்னா போன் நம்பரோ மெயில் ஐடியோ எல்லாருக்கும் தெரியுற மாதிரி போயிடும். வியூஸ் பாக்க ஆசைப்பட்ட பிள்ளையோட போன் நம்பர் ஊருக்கே தெரிஞ்சுது. அதோட சின்னப் பிள்ளைங்க அக்கவுண்ட்டும் ஆரம்பத்துலயே பப்ளிக்கா இருந்துச்சு. பிள்ளையும் பொய் சொல்லல, யாரும் ஹேக் பண்ணல, ஆப்போட அமைப்பே அப்படி. பிரிட்டன்ல இதுக்குன்னே ஒரு நெறிமுறை இருக்கு, 2021 செப்டம்பர்ல இருந்து கட்டாயம், பிள்ளை உள்ள வந்தா செட்டிங்ஸ் எல்லாம் ஆரம்பத்துலயே அதிகபட்ச ப்ரைவசியில இருக்கணும், லொக்கேஷன் ஆஃப்ல இருக்கணும்னு. 2024ல இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுண்ட் கொண்டு வந்து 18க்குக் கீழ உள்ளவங்களை தானாவே ப்ரைவேட் ஆக்குனதுக்குப் பின்னாடி இந்த மாதிரி அழுத்தம் எல்லாம் இருக்குன்னுதான் நான் நினைக்குறேன், இந்தியாவுலயும் இப்போ அது இருக்கு.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேல போயி 2025 டிசம்பர் 10ல இருந்து 16 வயசுக்குக் கீழ அக்கவுண்ட்டே கூடாதுன்னுட்டாங்க. மீறுனா கம்பெனிக்கு 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் அபராதம், பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும் தண்டனை எதுவும் கிடையாது. பொறுப்பை யார் தலையில வைக்கணுமோ அங்க வச்சிருக்காங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. அதே டிசம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டோட மதுரை கிளையும் அப்படி ஒரு சட்டம் இங்க கொண்டு வரலாமான்னு மத்திய அரசு யோசிக்கட்டும்னு சொல்லுச்சு. ஆனா வயசை நிரூபிக்கணும்னா பிள்ளைங்க மட்டும் இல்ல, எல்லாருமே கம்பெனிகிட்ட முகத்தையோ ஐடி கார்டையோ காட்ட வேண்டி வரும், அந்த விலையையும் சேத்துதான் யோசிக்கணும்.

இப்போ நம்ம பக்கம். மேல சொன்ன 2023 சட்டம் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும், ஆனா ஒருத்தர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக செய்யுறதுக்கு அது பொருந்தாது. அதனால நம்ம பிள்ளையைப் பத்தி நாமளே போடுறதை அது பெருசா கேள்வி கேக்காது. பத்தாவது, ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற அன்னைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாருங்க, மார்க் ஷீட்டை அப்படியே போட்டோ எடுத்துப் போட்டிருப்பாங்க, அதுல பிள்ளை பேரு, பிறந்த தேதி, ரெஜிஸ்டர் நம்பர், ஸ்கூல் பேரு எல்லாம் பளிச்சுன்னு இருக்கும். அந்த ரெஜிஸ்டர் நம்பரும் பிறந்த தேதியும் இருந்தா யார் வேணா அந்த ரிசல்ட்டை எடுத்துப் பாத்துடலாம். அதுக்கப்புறம் காலேஜ் சீட் வாங்கித் தர்றேன், ஸ்காலர்ஷிப் வந்திருக்குன்னு போன் வந்தா, அந்த ஆளுக்குப் பிள்ளையோட முழு விவரமும் நாமளே எடுத்துக் குடுத்ததா இருக்கும். பிரான்ஸ்ல 2024ல ஒரு சட்டம் போட்டாங்க, பிள்ளையோட போட்டோ விஷயத்துல அந்தரங்கத்தைக் காக்குறது பெத்தவங்க கடமை, வயசுக்குத் தகுந்த மாதிரி பிள்ளைகிட்டயும் கேட்டு முடிவு பண்ணணும்னு. நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்ல, மார்க்கை மட்டும் எழுதிப் போட்டா சந்தோஷம் குறைஞ்சுடாது.

அடுத்து குற்றம் சம்பந்தப்பட்ட சட்டம். பாலியல் குற்றங்கள்ல இருந்து பிள்ளைங்களைப் பாதுகாக்குற போக்சோ சட்டம் 2012ல வந்தது, 18 வயசுக்குக் கீழ உள்ள ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லாருக்கும் பொருந்தும். நேர்ல தொட்டாதான் போக்சோன்னு இன்னமும் நிறைய பேர் நினைக்குறாங்க. பாலியல் நோக்கத்தோட பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப ஆன்லைன்ல மெசேஜ் பண்றது, ஆபாசப் படம் காட்டுறது, படத்தை வெளியிடுவேன்னு மிரட்டுறது எல்லாமே அதுல வரும். அதோட ஐடி சட்டத்துல 67பி பிரிவு இருக்கு, பிள்ளைங்க சம்பந்தப்பட்ட ஆபாசப் படத்தைப் போடுறது, பரப்புறது, தேடுறது, டவுன்லோட் பண்றது எல்லாம் குற்றம், முதல் தடவையே அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயிலும் பத்து லட்சம் வரைக்கும் அபராதமும்.

இதுல நம்ம ஊரு சம்பந்தப்பட்ட ஒரு தீர்ப்பு உண்டு. 2024 ஜனவரியில மெட்ராஸ் ஹைகோர்ட், போன்ல டவுன்லோட் பண்ணி தனியா பாத்தது மட்டும் குற்றம் ஆகாதுன்னு ஒரு வழக்கை ரத்து பண்ணிடுச்சு. அந்த வருஷமே செப்டம்பர் 23ல சுப்ரீம் கோர்ட் அது தப்புன்னு சொல்லி வழக்கைத் திரும்ப உயிர்ப்பிச்சுது. நான் யாருக்கும் அனுப்பலையே, சும்மா வச்சிருந்தேன்னு இனிமே தப்பிக்க முடியாது. அதனால ஃபேமிலி குரூப்லயோ தெரு குரூப்லயோ இந்தக் கொடுமையைப் பாருங்கன்னு சொல்லி யாராவது அப்படி ஒரு வீடியோவைப் போட்டா, கோவத்துலகூட அதை ஃபார்வேர்ட் பண்ணாதீங்க. எல்லாருக்கும் தெரியட்டும்னு அனுப்புறதும் பரப்புறதுதான். அதே மாதிரி பாதிக்கப்பட்ட பிள்ளையோட பேரு, போட்டோ, ஸ்கூலு எதையும் வெளிய சொல்லக் கூடாது, பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவங்க அடையாளத்தை வெளியிட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

போக்சோ குற்றம் நடந்தது தெரிஞ்சும் சொல்லாம இருக்குறதும் குற்றம்தான். டீச்சரோ பக்கத்து வீட்டு அக்காவோ யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லணும், ஸ்கூல் மாதிரி ஒரு இடத்தை நடத்துறவர் மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை. போலீஸ்னா பயப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன், பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போகணும்னு இல்ல, வீட்டுலயோ பிள்ளை விரும்புற இடத்துலயோ வாக்குமூலம் வாங்கணும், முடிஞ்ச வரைக்கும் பெண் அதிகாரியா இருக்கணும், யூனிஃபார்ம் போட்டுட்டு வரக் கூடாது, ராத்திரி ஸ்டேஷன்ல வச்சிருக்கக் கூடாது. இதெல்லாம் சட்டத்துல எழுதியே இருக்கு, கேட்டு வாங்குங்க.

இப்போ நிஜமாவே ஒரு பிள்ளைக்கு மிரட்டல் வருது, உன் படம் என்கிட்ட இருக்கு, காசு அனுப்பு, இல்லன்னா உன் ஃபிரெண்ட்ஸ் எல்லாருக்கும் அனுப்புவேன்னு. பிள்ளையைத் திட்டாதீங்க, போனைப் பிடுங்கி எல்லாத்தையும் டெலிட் பண்ணாதீங்க, காசும் அனுப்பாதீங்க, ஒரு தடவை அனுப்புனா மறுபடி கேப்பான். மிரட்டுன மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, அவனோட ஐடி, லிங்க், நேரம் எல்லாம் குறிச்சுக்கோங்க, ஆனா அந்தப் படத்தை மட்டும் நீங்க யாருக்கும் அனுப்பாதீங்க. காசு போயிருந்தா உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, குழந்தைங்களுக்கான உதவி எண் 1098. மத்திய அரசோட சைபர் கிரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைங்களுக்கு எதிரான குற்றத்துக்குன்னே தனிப் பகுதி இருக்கு, பேர் சொல்லாமலும் புகார் குடுக்கலாம்.

படம் பரவுறதைத் தடுக்க டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை இருக்கு, அமெரிக்காவுல உள்ள காணாமல் போன குழந்தைங்களுக்கான மையம் நடத்துறது, 18 வயசுக்குள்ள எடுத்த படத்துக்கு எந்த நாட்டுல இருந்தும் பயன்படுத்தலாம், பேரும் சொல்ல வேண்டாம். படத்தை அவங்களுக்கு அனுப்ப வேண்டியதே இல்ல, உங்க போன்லயே அந்தப் படத்தைப் படிச்சு அதுக்குன்னு ஒரு எண் குறியீடு உருவாக்கும், அந்தக் குறியீடு மட்டும்தான் போகும், இந்தச் சேவையில சேந்திருக்குற கம்பெனிங்க அதை வச்சு தேடித் தூக்குவாங்க. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் இதுல சேந்திருக்கு. ஆனா வாட்ஸ்அப்ல ஆளுக்கு ஆள் போற சாட் என்க்ரிப்ட் ஆகி போறதால அங்க இது வேலை செய்யாது, அதனால இதைப் பண்ணிட்டோம்னு விட்டுடாம போர்ட்டல்ல புகாரையும் அன்னைக்கே குடுத்துடுங்க.